எச்சில் மணி

“முடிச்சு போட்டேன்க்கா. பசையும் வெச்சேன். இழுத்துப் பாத்துட்டுதான் ஆணியில மாட்டினேன்.”

“அப்புறம் எப்படிடி அறுந்துச்சு? உன் மண்டையோடு தானா நடந்து வந்து என் பிள்ளை வாயில ஏறுச்சா?”

மாடி வீட்டு அக்காவும் தங்கையும், குழந்தையை அடக்கம் செய்த மறுநாள், இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காலையில் பெருக்கிய படிதான். சுத்தம் விஷயத்தில் நான் கொஞ்சம் அப்படி.

தங்கைக்கு பிரேஸ்லெட் கோப்பதுதான் தொழில். கறுப்பு மணிகள், நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை மண்டையோடு. ஊசிமுனையால் பல்லைக் கீறி, கண்குழியில் கறுப்பு மை விடுவாள். ராக் கச்சேரிக்குப் போகிற பிள்ளைகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். “யாருக்கும் அடங்க மாட்டோம்னு அர்த்தம், அத்தை” என்பாள், பாதி மழித்த தலையைத் தடவியபடி. கரப்பான்பூச்சியைக் கண்டால் மட்டும் கட்டில்மேல் ஏறி அடங்கிவிடுவாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அக்காவின் குழந்தை அந்தக் கருமத்தைச் சப்பியதைப் பார்த்த அன்றுதான் முடியவில்லை. பல் முளைக்கிற வயசு. மண்டையோட்டின் பல் இடுக்கெல்லாம் எச்சில், கண்குழியில் நுரை. பெற்றவள் சிரிக்கிறாள்: “பாருங்க அத்தை, சித்தி பண்றதுன்னா இவனுக்கு உசுரு.” எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நல்லதை நினைத்துத்தான் செய்தேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், தங்கை சரக்குக் கொடுக்கப் போயிருந்தாள். அவர்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். ஆணியில் தொங்கியதில் ஒன்றை எடுத்து, முடிச்சை நகவெட்டியால் பாதி நறுக்கி, குழந்தை உட்கார்ந்திருந்த பாயில் போட்டேன். அறுந்து மணி உருண்டால் பெற்றவள் பயந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டுவாள். அவ்வளவுதான் என் எண்ணம்.

அவன் இழுத்தான், அறுந்தது. அத்தனை கறுப்பு மணியையும் விட்டுவிட்டு மண்டையோட்டைத்தான் வாயில் போட்டான். முகம் சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். விரலை விட்டு எடுத்திருக்கலாம். தொண்டையில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் வாய் முழுக்க எச்சில். நீங்களே சொல்லுங்கள், அதில் எப்படிக் கை விடுவது? குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் கீழே வந்து கை கழுவினேன்.

அடக்கத்துக்கு மறுநாள் நடந்த அந்தச் சண்டையையும் நான்தான் போய் விலக்கினேன். “விடும்மா, சின்னப் பொண்ணு. ஏதோ நினைப்புல பசை வைக்க மறந்திருப்பா.” தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். “மறந்துட்டேனோ” என்றாள். அதற்கப்புறம் அக்கா அவளிடம் வாய் திறக்கவில்லை.

தங்கை டிரம்ஸ் வாசிக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். இப்போது மணி எதுவும் கோப்பதில்லையாம். அவள் ஷூ கயிற்றைக்கூட அவன்தான் கட்டிவிடுகிறானாம். அக்கா இரண்டு தெரு தள்ளி வீடு மாறி, பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். வேலைக்குத் திரும்ப வேண்டுமாம். “உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா, அத்தை?” என்று நேற்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். குழந்தைகள் என்றால் எனக்கு உயிர். எச்சில் ஒன்றுதான் ஆகாது.