இங்க குந்து

— குழியக் காட்டுங்கோன்னா பெஞ்சக் காட்டறேளே, சார்.

— மொதல்ல குந்தும்மா. குடிபாலாவுல இருந்து வண்டி ஓட்டிக்கினு வந்திருக்க. இந்த பெஞ்சுல குந்தினவங்க ஒடனே எழுந்ததா சரித்திரமே இல்ல. போன வாரம் பால்காரரு ஒருத்தரு குந்தினாரு. கேன்ல பாலு தயிராயிப் போச்சி, மனுஷன் எழல.

— சரி, உக்காந்துட்டேன். இந்த ஊர்ல இருபத்திநாலு வீடு. இருபத்திமூணு வீட்டுல இங்குடு குந்த தோண்டி, நாங்க போட்டோவும் எடுத்து ஏத்தியாச்சு. பாக்கி ஒண்ணு. ஜெபசிங், ரிட்டயர்டு கண்டக்டர். நீங்கதானே?

— நானேதான். சித்தூர் வேலூர் ரூட்டு, முப்பத்தோரு வருஷம். நான் விசில் ஊதினா நம்ம பஸ்ஸு மட்டும் இல்ல, காட்பாடில ரயிலும் நிக்கும்.

— ரயில் நிக்கட்டும். கூரைத் தண்ணி பூமிக்குள்ள எறங்கற குழி எங்க?

— அதச் சொல்லணும்னா ஒரு தப்பு நடந்ததச் சொல்லணும்.

— நான் திருப்பதிலேர்ந்து மாத்தலாகி வந்து ஒரு வாரம்தான் ஆறது. எனக்கு முன்னாடி இருந்த இன்ஜினியர் ஹரிபாபு, உங்க பேருக்கு நேரா ‘இவரிடம் பேச வேண்டாம்’னு எழுதி வச்சிருக்கார். ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். சொல்லுங்கோ.

— ஹரிபாபு நல்ல மனுஷன்மா. போன வருஷம் சர்ச்சு மைதானத்துல மீட்டிங் போட்டாரு. அப்ப ஊருல போர் எல்லாம் காஞ்சி கெடக்கு. பாலையா தோட்டத்துல தொளாயிரம் அடி போட்டான், ஒரு சொட்டு வரல. கீழ இருந்து தட்டற சத்தம்தான் வந்துச்சி. இன்னான்னு காத வச்சிக் கேட்டா அமெரிக்காகாரன். எங்க வீட்டுத் தரைய ஏன் ஓட்ட போடறீங்கன்னு சண்டைக்கு வரான்.

— தமிழ்லயா சண்டை போட்டான்?

— தெலுங்குல. அங்க இப்ப எல்லாரும் தெலுங்குதான பேசறாங்க.

— பெருமாளே. மீட்டிங்குக்கு வாங்கோ.

— வந்துட்டேன். ஹரிபாபு மைக்கப் புடிச்சிக்கினு, வீட்டுக்கு ஒரு இங்குடு குந்த, வீட்டுக்கு ஒரு இங்குடு குந்தன்னு தெலுங்குல கத்தறாரு. நான் கடைசி வரிசை. இந்த வலது காது டிரைவர் அடிச்ச ஆரன்லயே செத்துப் போச்சி. எனக்கு இன்னா கேட்டுச்சின்னா, வீட்டுக்கு ஒரு ‘இங்க குந்து’.

— இங்க குந்தா?

— ஆமாம்மா. திருப்பதில நீங்க உக்காருவீங்க, இங்க நாங்க குந்துவோம். சர்க்காருக்கு இன்னா தங்கமான மனசு, நடந்து வர ஜனங்க குந்தறதுக்கு வீட்டுக்கு வீடு எடம் போடச் சொல்லுதேன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சி. அந்த வருஷம் ஊருல வந்த மொத தண்ணி அதான்.

— முப்பத்தோரு வருஷம் ஆந்திராவுல டிக்கெட் குடுத்தவருக்கு குந்தன்னா குழின்னு தெரியாதா?

— டிக்கெட்டு தெலுங்கு வேற. எக்கடிக்கி, எந்தமந்தி, ஜரகண்டி. எங்க போவணும், எத்தினி பேரு, நவுருங்க, அவ்ளோதான். அதுல குழி எங்க இருக்கு? ரோட்டுலதான் இருக்கு.

— சரி. பெஞ்ச கட்டினேள்.

— கட்டினேன். கிரானைட்டு. ஊரு பூரா பள்ளம் தோண்டறான், நான் ஒருத்தன் கல்லு எழைக்கறேன். இவனுங்க ஏன் சர்க்கார் பேச்ச கேக்க மாட்டேன்றானுங்கன்னு எனக்கு ஒரே வருத்தம். வீடு வீடாப் போயி புத்தி சொன்னேன். ஹரிபாபு பாக்க வந்த அன்னிக்கு பெஞ்சுக்கு மாலை போட்டு, ரிப்பன் கட்டி, கத்திரிக்கோல அவரு கையில குடுத்தேன்.

— வெட்டினாரா?

— வெட்டினாரு, பாவம். வெட்டிட்டுத்தான் கேட்டாரு, குந்த எக்கட, குழி எங்கன்னு. ஊரே சிரிச்சிச்சி. அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஐயர் ஜெபம் பண்ணும்போது கூட சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா உள்ள சுருக்குன்னு இருந்துச்சிம்மா. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிட்டேன், இந்த பெஞ்சு மேல எவனாவது கடப்பாரை வச்சா நான் சோறு துன்ன மாட்டேன்னு.

— வேற எடத்துல தோண்டியிருக்கலாமே.

— பின்னால கக்கூஸ் தொட்டி. அந்தப் பக்கம் கெணறு. மீதி பூரா சிமெண்டு. மண்ணு இருக்கற எடம் இது ஒண்ணுதான்.

— கிணறுன்னேளே, வரும்போது எட்டிப் பாத்தேன். பக்கத்து வீட்டு கிணத்தவிட உங்களதுல தண்ணி மேல நிக்கறது. குழியே இல்லாம எப்படி?

— எல்லாம் பெஞ்சு மகிமை. நல்ல ஜனங்க குந்தி எழுந்தா பூமி குளிரும். இந்த மழைக்கு எட்டு படி ஏறிச்சி. தண்ணி மொள்ளப் போனா மீனு எட்டிப் பாத்து தோத்திரம் சொல்லுது.

— கூரைலேர்ந்து ஒரு பைப்பு பெஞ்சுக்குப் பின்னாடி போறதே. அது எதுக்கு?

— அது எம் பொண்சாதி கிருபாபாய் மல்லிச்செடிக்குப் போட்டது. ஆடி மாசம் நான் வேலூர்ல கண்ணு ஆபரேஷனுக்கு அஞ்சு நாளு படுத்திருந்தேன், அப்பப் போட்டிருக்கு. வந்தும் ஒரு மாசம் கறுப்புக் கண்ணாடி, எதையும் பாக்கல. இப்பப் பாரு, இங்க குந்திக்கினே திருமலையில யாரு மொட்ட, யாரு முடின்னு சொல்லிடுவேன்.

— சார், சிரிச்சு வயிறு வலிக்கறது. ஆனா விஷயத்தக் கேளுங்கோ. இருபத்திநாலு போட்டோவும் ஏறினாத்தான் உங்க ஏரிக்கால்வாயத் தூர் வார உத்தரவு வரும். இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. ஒரு வீடு கொறஞ்சாலும் வேற ஊருக்குக் குடுத்துடுவா.

— ஏரிக்கா? எங்கிட்ட யாருமே சொல்லலியே.

— பேச வேண்டாம்னு எழுதியிருக்கே, சார்.

— ஏழு வருஷமா அந்த ஏரில பசங்க கிரிக்கெட்டுதான் ஆடறாங்க. பந்து தண்ணில உழுந்துச்சின்னு ஒரு பையனாவது அழுவறத நான் பாக்கணும்மா. மணி இன்னா இப்ப?

— ரெண்டேகால்.

— நாலு ஆளு எறங்கினா அஞ்சுக்குள்ள ஆறடி போயிடலாம். பெஞ்சு சிமெண்டுல நட்டது, பதமாப் பேத்தெடுக்க நேரம் இல்ல. ஒடச்சிடலாம்.

— சோறு துன்ன மாட்டேன்னு சொன்னேளே.

— சோறுதான சொன்னேன். இட்லியப் பத்திப் பேச்சே இல்ல. எழுந்திரும்மா. பெஞ்சு எனக்கு ஒருத்தனுக்கு. ஏரி இருபத்திநாலு வீட்டுக்கும். இதோ கடப்பாரை. ஒரே போடு.

— இருங்கோ சார், நான் எழுந்துக்கறேன்.

— கடப்பாரைய கீழ வைங்க, பிளெஸ்ஸி நைனா.

— கிருபாபாயி, பொண்ணு பேரச் சொல்லி நைனான்னு கூப்ட்டா விட்ருவனா? நீ உள்ள போ. தடுக்காத.

— கீழ வைங்கன்றேன்ல. மேடம், நீங்க அந்த மல்லிச்செடிய கொஞ்சம் ஒதுக்கிப் பாருங்க. பைப்பு முடியற எடத்துல ஒரு மூடி இருக்கும், தூக்குங்க.

— தூக்கிட்டேன். மாமி, இதுக்குள்ள கருங்கல்லு, ஜல்லி, மணல் எல்லாம் இருக்கே. எவ்ளோ ஆழம்?

— ஆறடி. அளந்து பாத்துக்கோங்க. இவரு வேலூர்ல படுத்திருந்த அஞ்சு நாளும் பாலையாவும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களும் நானும் தோண்டினோம். பெஞ்சப் பேத்தெடுத்து, குழி மேல பலகைக்கல்லு மூடி, திரும்ப அதே மாரி நட்டு வச்சோம்.

— இன்னா கிருபாபாயி சொல்ற? ஊருக்கெல்லாம் தெரியுமா?

— உங்களத் தவிர ஊருல எல்லாருக்கும் தெரியும். ஆபீசுல சொன்னா உங்க காதுக்கு வந்துடும்னு அங்க மட்டும் சொல்லல.

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— எப்படிச் சொல்றது? ஊரு முன்னால சோறு துன்ன மாட்டேன்னுட்டீங்க. அப்புறம் மழ வந்து கெணறு ஏறினதும் பெஞ்சு மகிமை, பெஞ்சு மகிமைன்னு சின்னப் புள்ள மாரி சொல்லிக்கினு திரிஞ்சீங்க. அதக் கெடுக்க மனசு வரல. போட்டோ எடுத்துக்கோங்க, மேடம். நாலு மாசமா இவரு இங்க குந்து, இங்க குந்துன்னு ஊரையே கூப்ட்டு குந்த வச்சது அந்தக் குந்த மேலதான்.