பெட்டி இறங்கிய இடம் கண்ட பெருமாட்டி ரமாபாய்

வியாசர்பாடி வழங்கிய வித்தகியே! எர்ணாவூர் கன்டெய்னர் யார்டின் எழுத்தரசியே! இருபத்திரண்டு ஆண்டுகளாக இறங்கிய பெட்டிக்கும் ஏறிய பெட்டிக்கும் இடம் எழுதி, இன்று இருக்கை விட்டு எழும் எங்கள் ரமாபாய் அம்மையாரே, வணக்கம்! புகழ்ந்தால் தங்களுக்குப் பிடிக்காது என்பது தெரியும். படித்து முடிக்கும்வரை பொறுத்தருள்க.

அம்மையாரின் அருங்குணங்களை அடுக்கினால் பிரியாணி ஆறிவிடும். ஆகவே ஒன்றே ஒன்று சொல்கிறோம்.

2005 மழைக்காலத்தில் நிர்வாகம் பழகிய விண்டோஸை நீக்கி, எல்லாக் கணினியிலும் லினக்ஸைப் போட்டது. பெட்டி வாசலைத் தாண்டுவதற்கான கேட் பாஸ் அடிக்கும் மென்பொருளைச் சி.டி.யாகக் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே நிறுவி ஓட்டுங்கள், முடியாதவர்கள் விருப்ப ஓய்வில் போகலாம் என்றது. எழுத்துப் பிரிவில் அம்மையார், ரோஸ்மேரி, குணசேகரன், மஜீது என நாங்கள் நால்வர். அம்மையாரின் மகள் அப்போது நர்சிங் இறுதி ஆண்டு. சம்பளம் நின்றால் படிப்பும் நிற்கும். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மென்பொருளை நிறுவினோம், திரையில் சின்னம் வரவில்லை. சரியாக ஏறவில்லை போலும் என்று மறுபடி நிறுவினோம். இப்படி ஏழு முறை! விண்டோஸில் இருந்த சி டிரைவைத் தேடினால், லினக்ஸில் அப்படியொன்றே இல்லை. குணசேகரன் மானிட்டரின் தலையில் தட்டியும் பார்த்தார். வெள்ளி மதியம், கோப்புகள் கிடக்கும் அடைவுகளை (ஃபோல்டர்களை) ஒவ்வொன்றாகத் திறந்து துழாவிய எங்களை அம்மையார் நிறுத்தினார்.

“பொட்டியத் தேடிகினு எவனாவது யார்டு பூரா சுத்துவானா? எறக்கும்போதே எங்க வெச்சோம்னு நோட்டுல எழுதிக்கிறோம்ல. இந்த மெசினும் எழுதி வெச்சிருக்கும். அந்த நோட்டக் கேளு.”

கையேட்டைப் புரட்டினோம். நிறுவிய கோப்புகள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்று பட்டியல் காட்டும் கட்டளை ஒன்று இருக்கத்தான் செய்தது. ரோஸ்மேரி அதைத் தட்டினார். யு-எஸ்-ஆர் என்ற அடைவுக்குள், ‘பின்’ என்ற உள்ளடைவில், மென்பொருள் முதல் நாளிலிருந்தே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அந்த முகவரியை அம்மையார் ஒற்றை விரலால் தட்ட, முதல் கேட் பாஸ் வெளியே வந்தது. மஜீது அழுதேவிட்டார்.

மேலாளர் வந்தார். கண்டுபிடித்தவர் யார், அவர் ஒருவர் இருந்தால் போதும் என்றார். அம்மையார் எழுந்து நின்றார்.

“நாலு பேரும் சேந்துதான் சார் கண்டுபுட்ச்சோம். ஒருத்தர் இல்லன்னாலும் இது ஓடாது.”

மேலாளர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். விருப்ப ஓய்வுப் பேச்சு அதன்பின் எழவில்லை.

மகள் செவிலியாகிவிட்டார். அம்மையாரும் ஒருநாள் குறையாமல் பணி முடித்து நிமிர்ந்து புறப்படுகிறார். மூட்டுவலி நீங்கி, முகமலர்ச்சி நீங்காமல், நூறாண்டு வாழ்க தாயே!

அன்று தாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் இம்மடலில் இடம்பெற்றிருக்க முடியாத கையெழுத்துகள்:

ரோஸ்மேரி
குணசேகரன்
மஜீது

எழுத்துப் பிரிவு, எர்ணாவூர்
31.5.2007