பதினான்கு மாத நிலநடுக்கம்: எங்கள் ஜோசியக்காவுக்கு

ஆண்டுக்கொரு முறை எதிர்காலத்தைப் பொய்யாய்ச் சொல்லி, மாதத்துக்கொரு முறை இதழை மெய்யாய்க் கொண்டுவந்த மாண்புமிகு துணை ஆசிரியரே! சிவப்பு மையால் எங்களைத் திருத்தி, சிரிப்பால் எங்களைத் தேற்றிய சீர்மிகு சகோதரியே! முகத்துக்கு நேரே 'மேடம்' என்றும் முதுகுக்குப் பின்னே 'ஜோசியக்கா' என்றும் அழைக்கப்பட்டு, இரண்டுக்கும் திரும்பிப் பார்த்த பெருந்தகையே! வணக்கம்.

தங்கள் பணி நிறைவு விழாவில் வாசிக்க இந்த மடலை எழுதும் பொறுப்பை மெய்ப்புத் திருத்துபவனான என் தலையில் கட்டிவிட்டார்கள். அடைமொழி போதாது என்று மூன்று முறை திருப்பியும் அனுப்பினார்கள். ஆகவே புகழுரை அளவு மீறினால் பழி அவர்களுக்கு. பிழை இருந்தால் மட்டும் எனக்கு.

முப்பத்தோராண்டுகளுக்கு முன், தாங்கள் பணியில் சேர்ந்த முதல் டிசம்பரில், கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் கைவிட்டுப் போக, நம் காமிக்ஸ் இதழில் அரைப்பக்கம் வெறுமையாய் நின்றதாம். அச்சகத்து ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்த, தாங்கள் நின்றவாக்கிலேயே 'அடுத்த ஆண்டு காமிக்ஸ் உலகில் என்ன நடக்கும்?' என்று பத்து ஆரூடங்களை எழுதி அந்தப் பள்ளத்தை நிரப்பினீர்கள். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று தொடங்கிய பக்கம் ஓர் ஆண்டும் நிற்கவில்லை.

அதைவிட இனியது நமக்குள் இருந்த வழக்கம்! ஆண்டு முடிவில், பார்சல் கட்டும் மேசையைச் சுற்றி நாம் கூடுவோம். பழைய பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் "பலிச்சுது!", "பலிக்கல!" என்று தொண்டை கிழியக் கத்த, தாங்கள் நீதிபதியாய் வீற்றிருந்து, அலுவலகப் பிரதியில் சரிக்குறியோ பெருக்கல் குறியோ போடுவீர்கள். தங்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்த மடலுக்காகச் சென்ற வாரம் அந்தப் பழைய தொகுதிகளை எல்லாம் கிடங்கறையிலிருந்து இறக்கினோம். தும்மலும் சிரிப்புமாய் ஒரு பிற்பகல் போயிற்று. 'மக்கள் தொலைபேசியிலேயே காமிக்ஸ் படிப்பார்கள்' என்று, சுழற்றி எண் போடும் தொலைபேசிக் காலத்தில் கேலியாய் எழுதியிருந்தீர்கள். அன்றைய பெருக்கல் குறியைப் பார்த்து இன்று வெட்கமாக இருக்கிறது. 'மாவீரர்கள் ஒருநாள் புத்தி தெளிந்து ஜட்டியைக் கால்சட்டைக்கு உள்ளே போடுவார்கள்' என்றீர்கள், போட்டுவிட்டார்கள்! 'புத்தகத்தைப் பிரித்தே பார்க்காமல் கண்ணாடி உறையில் பூட்டிவைத்து, அதைப் படிப்பு என்பார்கள்' என்றீர்கள், அதுவும் ஆயிற்று! 'வில்லன் தன் திட்டத்தை விளக்கிக்கொண்டு நிற்காமல் வந்த வேலையை முடிப்பான்' என்பது மட்டும் இன்றுவரை தேறவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் வயது குறைந்துவிட்டது மேடம். சட்டையெல்லாம் தூசி, கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்போதுதான் நம் தலைமை ஓவியர், ஒன்பது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் ஏழாம் எண்ணின்மேல் விரலை வைத்தார். 'தலைமை ஓவியருக்குக் கை நடுங்கும். வீரனின் மூக்கு கோணும். வாசகர்கள் புதிய பாணி என்று புகழ்வார்கள்.' நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எங்களுக்குத் தெரியாத கதையைச் சொன்னார்.

அந்த இதழ் வெளிவந்தபோது அவர் கை உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்ததாம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. வரைவதைத் தவிர வேறு தொழில் தெரியாது, மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு, முதலாளிக்குத் தெரிந்தால் மறு மாதமே வேறு ஆள் வந்துவிடும் என்று கையை மறைத்துக்கொண்டு திரிந்தவர், இதழைத் தூக்கிக்கொண்டு தங்கள் மேசைக்கு வந்தாராம்.

"யாரு சொன்னாங்கக்கா உங்களுக்கு?"

"எதைத் தம்பி?"

அவர் கையை நீட்டினாராம். தாங்கள் பார்த்தீர்கள். "ஐயோ, சத்தியமா நான் தமாஷுக்குத்தான் எழுதினேன்" என்று தாங்கள் பதறினீர்களாம்.

மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனீர்கள். மாத்திரை வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார் மருத்துவர். காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அவர் வரைந்துகொண்டிருந்த தொடர்கதையை நிறுத்திவிட்டுப் புதிதாய் ஒன்றை எழுதினீர்கள். நிலம் நடுங்கும் நகரத்தில் நடக்கும் கதை! அதில் கட்டடம் ஆடும், விளக்குக் கம்பம் ஆடும், வில்லனின் மீசையும் ஆடும். எந்தக் கோடும் நேராய் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலாளிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அதை மட்டும் நாங்களும் காதால் கேட்டோம்.

"என்னம்மா, ஊரே ஆடுது?"

"நிலநடுக்கம் சார்."

"அது போன மாசமே முடிஞ்சுதே?"

"இது பின்னதிர்வு சார்."

பதினான்கு மாதம் பின்னதிர்வு அடித்தது! 'கோடுகளில் உயிர் துடிக்கிறது, இந்தப் புதிய பாணியைத் தொடருங்கள்' என்று வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. ஓவியரின் கை ஓரளவு அடங்கிய மாதத்தில் நகரமும் அடங்கிற்று. அதற்கிடையே வந்த ஆண்டு முடிவில், நிறைந்த மேசையில் ஏழாம் எண் படிக்கப்பட்டபோது, யாரும் வாய் திறப்பதற்குள், "கை எங்க நடுங்குச்சு? பலிக்கல, அடுத்தது!" என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிப் பெருக்கல் குறி போட்டீர்கள். அந்தப் பட்டியலில் அச்சு அசலாய்ப் பலித்த ஆரூடம் அது ஒன்றுதான். அதைத் தாங்களே தோற்கடித்தீர்கள்.

தங்கள் தீர்ப்பை முதன்முறையாக இன்று நாங்கள் திருத்துகிறோம், மன்னிக்க வேண்டும். பலித்தது மேடம்.

நன்றி சொல்ல ஓவியர் வாயெடுத்த போதெல்லாம், "பக்கம் எங்க தம்பி?" என்று கேட்டு அடக்கிவிடுவீர்களாம். மடல் வாசிக்கும்போது குறுக்கே பேச முடியாது என்பதால், இதில் சேர்க்கச் சொன்னார். நானும் 'நடுங்கிய கரத்துக்கு நல்லரணாய் நின்ற நாயகியே' என்று ஆரம்பித்து அரைப்பக்கம் எழுதிக் காட்டினேன். என் சிவப்புப் பேனாவையே வாங்கி மொத்தத்தையும் அடித்துவிட்டார். "இதெல்லாம் வேணாம்ப்பா. அக்கா இல்லைன்னா நான் அன்னைக்கே பென்சிலக் கீழ வெச்சிருப்பேன். நேத்தும் வரைஞ்சேன், நாளைக்கும் வரைவேன். அதை மட்டும் எழுது."

எழுதிவிட்டேன்.

உடல்நலமும் உளநலமும் உறுதுணையாய் நிற்க, நெடுங்காலம் நிறைவாய் வாழ்க என நெஞ்சார வாழ்த்தும்,

கையெழுத்துச் சற்றே கோணிய தலைமை ஓவியரும், காமிக்ஸ் இதழின் பணியாளர் அனைவரும்.