தேரிலிருந்து சீலிங்குக்கு ஏறிய காகிதம்

வெயிலை வென்று வந்து விழாவுக்கு விளக்கேற்றியிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! அன்பே வடிவான பங்குச்சாமியார் அவர்களே! ஊருக்கு நிழலாய் நிற்கும் ஊர்க்கவுண்டர் அவர்களே! பத்து மாதப் பாரத்தின் பொருள் அறிந்த தாய்மார்களே! பந்தலில் இடமின்றிப் புளியமரத்தடியில் நிற்கும் பெரியோர்களே! உங்கள் அத்தனை பேர் முன்னும் என் கரங்கள் குவிகின்றன.

பிரசவ விடுதித் திறப்பு விழா! எனக்கு முன் பேசியவர்கள் கொடுத்த நிலத்தைப் புகழ்ந்தார்கள். போட்ட அடிக்கல்லைப் புகழ்ந்தார்கள். நான் எதைப் புகழப் போகிறேன்? காகிதத்தை! மூன்று விரல் அகலக் காகிதப் பட்டையை! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தக் காகிதம் இல்லையென்றால் இந்த விழா இன்று வேறு ஊரில் நடந்திருக்கும்.

நஞ்சப்பனை அறியாதவர் இங்கே உண்டா? பெங்களூரில் சீலிங் வேலை செய்து திரும்பிய நம் கவுண்டர் தெருக் கொத்தனார். அவர் மனைவி பெரியம்மாள். முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது என்ன நடந்தது? கட்டை வண்டியில் ஏற்றிப் பென்னாகரம் கொண்டு போனார்கள். போகும் வழியிலேயே பிள்ளை பிறந்தது. போகும் வழியிலேயே போய்விட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த அந்த மனிதரின் முகத்தை நாம் பார்த்தோம். பெரியம்மாள் மறுபடியும் கருவுற்றபோது, விடுதிச் சீலிங் வேலையை நஞ்சப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சீலிங் எதற்கு? விடுதிக்கு ஓட்டுக்கூரை. ஓட்டிலிருந்து தூசி விழும், தேள் விழும், மழை வந்தால் தண்ணீரும் விழும். பிள்ளை பெறுகிற இடத்தில் இவை விழலாமா? ஆகவே ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டர் பலகை அடித்தோம். பலகையும் பலகையும் கூடுமிடத்தில் சந்து இருக்கும். அந்தச் சந்தின் மேல் காகிதப் பட்டையை ஒட்டிவிட்டுத்தான் மேற்பூச்சுப் பூச வேண்டும். ஒட்டாமல் பூசினால்? நம் ஊர் வெயிலுக்குச் சந்து நெடுக வெடித்துவிடும். பார்வையிட வந்த அதிகாரி கண்டிப்பான மனிதர். அந்தோணியார் தேர் முடிந்த மூன்றாம் நாள் வருவேன், கூரையில் ஒரு விரிசல் தெரிந்தாலும் விடுதியை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரியில் காகிதச் சுருள் வந்தது. எப்போது வந்தது? நஞ்சப்பன் பிளாஸ்டர் மாவு வாங்கத் தருமபுரி போயிருந்தபோது வந்தது! எங்கே இறங்கியது? கோயில் வாசலில் இறங்கியது! யார் கையில் சிக்கியது? தேர் அலங்காரத்துக்குத் தலைவர், நம் தம்பி இன்னாசிராஜ் கையில் சிக்கியது! வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாய்க் காகிதம் வந்தால் தேருக்கென்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? முழம் முழமாய் வெட்டினார்; நீலத்தில் முக்கினார்; வளையம் வளையமாய் ஒட்டினார்; தேரைச் சுற்றித் தோரணம் கட்டிவிட்டார். என்ன தம்பி, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாயே? வா முன்னால், உன்னை யாரும் அடிக்கப் போவதில்லை.

திரும்பி வந்த நஞ்சப்பன் தேரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த லாரி வருவதற்குள் அதிகாரி வந்து போய்விடுவார். தேர் சுற்றி வந்த பிறகு அவிழ்க்கலாமென்றால், தேரின் மேல் நாம் உப்பும் மிளகும் வாரி எறிவோமே, காகிதம் கந்தலாகிவிடும். பூச்சுக் காயவும் நாள் இருக்காது. உடனே அவிழ்க்கலாமென்றால், புனிதருக்குக் கட்டியதைத் தேர் நிலைக்கு வருமுன் தொடுவது நம் கோயில் வழக்கமா? தெய்வக் குற்றம் என்றார்கள் சிலர். இந்துத் தெருவுக்காக எங்கள் தேரை மொட்டையாக்குவதா என்றும் ஒரு குரல் கேட்டது. வெட்கம்! அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வழக்கம் போல் கோபத்தில் எனக்கு நாக்குக் குழறியது.

பதில் சொன்னது யார் தெரியுமா? துணிக்குப் பெட்டி போடும் பாக்கியமேரி! கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேரடிக்கு வந்தார்.

"நம்ம அந்தோணியாரு கையில குழந்தயத்தானுங்க வெச்சிருக்காரு. தோரணத்த வெச்சிருக்கலிங்க" என்றார்.

சொல்லிவிட்டு முதல் சரத்தைத் தம் கையாலேயே அவிழ்த்தார். சாமியார் இரண்டாவது சரத்தை அவிழ்த்தார். முறைத்து நின்றவர்களும் ஏணி கொண்டு வந்தார்கள். பாக்கியமேரி வீட்டு வாசலில் இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றது. கசங்கிய காகிதம் நிமிர்ந்தது! பெண்கள் பசையைச் சுரண்டினார்கள். இன்னாசிராஜ் துண்டுகளைச் சுமந்தார். நஞ்சப்பன் சாரத்தில் ஏறினார். சந்தில் மாவை இழைத்தார். அதன் மேல் காகிதத்தை வைத்தார். உள்ளே காற்றுத் தங்கி உப்பிவிடாமல் கரணையால் நடுவிலிருந்து அழுத்தி வழித்தார். துண்டோடு துண்டு சேர்த்தார். பூச்சின் மேல் பூச்சு இட்டார். சர்ச்சுத் தெரு காகிதத்தை நீட்டியது. கவுண்டர் தெரு மாவைக் கலக்கியது. அந்தத் திருவிழாவில் நம் தேர் தோரணமின்றி ஓடியது. அதைப் போல் அழகான தேரை நான் கண்டதில்லை!

அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்தார், விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஏணி கேட்டு ஏறித் தடவியும் பார்த்தார். விரிசல் இல்லை! வெடிப்பு இல்லை! இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு வந்த வெயிலும் அந்தக் கூரையிடம் தோற்றது.

அவைத் தலைவர் அவர்களே! தாங்கள் வெட்டித் திறப்பதற்காக விடுதிக் கதவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம். இப்போது அங்கே அது இல்லை, பொறுத்தருள வேண்டும். காலையில் நாங்கள் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மாளுக்கு வலி கண்டுவிட்டது. கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முன்னால் ஓடி வந்த நஞ்சப்பன் ரிப்பனைக் கையாலேயே அறுத்தெறிந்து கதவைத் திறந்தார். அரை மணிக்கு முன் செய்தி வந்தது: பெண் குழந்தை! தாயும் நலம், சேயும் நலம்!

கைதட்டுகிறீர்களே, மெல்லத் தட்டுங்கள்; உள்ளே குழந்தை தூங்குகிறது. ஒலிபெருக்கியையும் கொஞ்சம் தணித்துவிடு அப்பா.

தலைவர் அவர்களே, வாருங்கள். திறக்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்கும் பாக்கியம்தான் மிச்சம். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, உள்ளே உறங்கும் அந்தப் புதுக் குடிமகளுக்கு என் முதல் வணக்கத்தை வைத்து அமர்கிறேன்.