இரு காதுகளும் தெரிய வேண்டும்

டாக்டர், நீங்கள் கொடுத்த ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. 'மயக்க மருந்து' என்பதை 'மயக்க மறுந்து' என்று அடித்திருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போடும்போது அதையும் பேனாவால் திருத்திவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் பழக்கம்.

நான் ஓர் இணைய மையம் நடத்துகிறேன். நான்கு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், வெள்ளைத் திரைக்கு முன்னால் புகைப்படம் எடுக்க ஒரு முக்காலி. அவ்வளவுதான் கடை. நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பதிவு திறந்துவிட்டால், அந்த ஒரு மாதம் நான் சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிழையக்கா. பிழை செய்கிறவள் என்பதால் அல்ல, கண்டுபிடிக்கிறவள் என்பதால். அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், கையெழுத்துக் கட்டத்தில் பெருவிரல் ரேகை ஏறியிருக்கும். என் கண்ணுக்குத் தப்பாது. எட்டு வருடங்களில் என் கையால் போன விண்ணப்பங்களில் நிராகரிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அது என் தங்கையுடையது. இன்று பத்து மணிக்கு நீங்கள் அறுவை செய்யப்போகிறவள்.

போன வாரம் நீங்கள் அவளிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அவள் சொன்ன பதில் நான் சொல்லிக்கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் அவளை மொட்டு என்றுதான் கூப்பிடுவோம். இடது காது பிறக்கும்போதே மேல்பக்கம் மடங்கிச் சிறுத்திருந்ததைப் பார்த்து அம்மா வைத்த செல்லப் பெயர். காது நன்றாகக் கேட்கும். பக்கத்து அறையில் நான் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் ஓடி வந்து நிற்பாள். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், யாரோ ஒரு குழந்தை எலி கடித்த காது என்று சொல்லிவிட்டது. மொட்டு அன்று சாப்பிடவில்லை. அப்போது எனக்குப் பதினெட்டு, அவளுக்கு ஆறு. மறுநாள் காலையில் நான் அவளை உட்கார வைத்து, வலப்பக்கமாக வகிடு எடுத்து, இடப்பக்கத்து முடியைத் தளரவிட்டு, காது மூடும்படி பின்னிவிட்டேன். காற்றடித்தாலும் விலகாது. அந்தப் பின்னல் எனக்கு மட்டும்தான் வரும். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், காய்ச்சல் நாட்களைத் தவிர, ஒரு காலையும் தவறவில்லை.

காது டாக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. "மொத பேஷண்ட் நீதான்க்கா. நான் பத்து தரம் கத்துனாதான் உனக்கு ஒரு தரம் கேக்குது" என்பாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, அப்பா முன்பே போய்விட்ட வீட்டில், நான் கடையையும், மொட்டு அம்மாவையும் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மொட்டு கட்டிலருகிலேயே உட்கார்ந்து உயிரியலைச் சத்தமாகப் படிப்பாள். அம்மாவுக்குப் பேச்சு வராது. ஆனால் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் இடது கையில் நான்கு விரலைக் காட்டுவாள். "அம்மாவும் பாஸ்" என்று மொட்டு சிரிப்பாள்.

பதிவு செய்ய அவள் கடைக்கு வந்தது ஒரு மதிய நேரம். அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தலையைத் தானே வாரி, உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். இரண்டு காதும் வெளியே தெரிந்தன. கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு காதும் தெரியணும்னு போட்டிருக்காங்கக்கா. நீ சொல்றதுக்குள்ள நானே கட்டிட்டு வந்துட்டேன்."

நான் படம் எடுத்தேன். திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவால்ல. இதுதான நான்" என்றாள்.

பிறகு, நமக்காக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கட்டை அவிழ்த்து, வழக்கம்போல நானே வாரிவிட்டு இன்னொரு படம் எடுத்தேன். அதில் நன்றாகச் சிரித்திருப்பாள். அம்மாவைத் திருப்ப நேரமாகிவிட்டதென்று, ரேகையும் கையெழுத்தும் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மற்றதை நீ பார்த்துக்கொள் என்றாள். கைபேசி எண் கேட்ட இடத்தில் என் எண்ணைப் போட்டேன். கடையில் பலருக்கும் அப்படித்தான் செய்வது, அதில் உள்நோக்கம் ஒன்றும் இல்லை. புகைப்படம் கேட்ட இடத்தில் இரண்டாவது படத்தை ஏற்றினேன்.

கை தவறிவிட்டது என்று சில நாட்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா. ஆனால் என் கை தவறாது, டாக்டர்.

ஒரு வாரத்தில் செய்தி வந்தது. படத்தில் இரு காதுகளும் தெரியவில்லை, மூன்று நாட்களுக்குள் திருத்தவும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். முதல் படம் அதே கணினியில் இருந்தது. ஒரு நிமிட வேலை. முதல் நாள் கடையில் கூட்டம். இரண்டாம் நாள் கூட்டம் இல்லை. மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் திருத்தும் வசதி மூடியது. நாலே முக்காலுக்கு நான் வேறொரு பெண்ணின் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்தப் பெண் இப்போது முதலாம் ஆண்டு படிக்கிறாள்.

மொட்டுவிடம் என்ன சொன்னேன் என்பதைத்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. காதுதான் காரணம் என்று சொன்னேன்.

"ரெண்டும் தெரியுதேக்கா. சின்னதா இருந்தாலும் தெரியுதே."

"பாக்குறது மனுஷன் இல்ல மொட்டு, மெஷினு. அதுக்குக் காதுன்னா ஒரு அளவு இருக்கு. அந்த அளவுக்கு இல்லன்னா காதே இல்லன்னுதான் அர்த்தம்."

அவள் நம்பினாள். பிழையக்கா சொன்னால் ஊரே நம்பும். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நானே ஒரு மனு அடித்தேன். நல்ல மனு. அது எங்கும் போகவில்லை. பத்து நாள் கழித்து, விதிகளில் தளர்வு அளிக்க இயலாது என்று ஒரு பதிலையும் அடித்து, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலும் ஒரு பிழை கிடையாது. அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "நீ என்னக்கா பண்ணுவ, பாவம்" என்று என் தோளில் கை வைத்தாள்.

அம்மாவுக்காகச் செய்தேன் என்று வைத்திருந்தேன். அவள் போய்விட்டால் அம்மாவை யார் திருப்பிப் படுக்க வைப்பது, கடையை மூடினால் யார் சோறு போடுவது. கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். தேர்வு நடந்த மூன்றாம் வாரம் அம்மா போய்விட்டாள். காரணம் போன பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா காரணம் இல்லை என்பது அதிலிருந்துதான் எனக்கே தெரிந்தது.

அன்று அவள் தலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்று நினைக்க வேண்டாம். நான் படிக்காததற்கு அவள் என்ன செய்வாள். பன்னிரண்டு வருடம் நான் மூடி வைத்திருந்ததை அவள் ஒரு ரப்பர் பேண்டில் திறந்துவிட்டாள், யாரும் சிரிக்கவும் இல்லை. இனி காலையில் எழுந்து நான் என்ன செய்வது என்று தோன்றியது. அவ்வளவுதான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலியைக் கேட்டால் அதுவும் பயிர்மேல் உள்ள ஆசை என்றுதான் சொல்லும்.

தேர்வு வாய்ப்பு போன மறுநாளே அவள் பழையபடி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் இறக்கி மூடுக்கா" என்றாள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

உங்களைப் பற்றி அவளே தேடிக் கண்டுபிடித்தாள். விலா எலும்போரம் குருத்தெலும்பை வெட்டி எடுத்துக் காது செய்வீர்கள் என்றும், இரண்டு தடவை படுக்க வேண்டும் என்றும் எனக்கு விளக்கினாள். மருத்துவம் படிக்க வேண்டிய பெண், நன்றாகத்தான் விளக்கினாள். அடுத்த பதிவுக்குள் காது ஆறிவிடுமா என்பதுதான் அவள் கவலை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேர்வைப் பற்றி டாக்டரிடம் பேசாதே, யாரோ கட்டாயப்படுத்துகிறார்கள் என்று நினைத்து மாட்டேன் என்றுவிடுவார்கள், கேட்டால் உனக்கே தோன்றியதாகச் சொல் என்று மட்டும் சொன்னேன். அவள் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், அந்தக் காது எந்தப் படத்துக்கும் போதும் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்டது வேறு. காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா கேக்குதும்மா, அழகாவும் இருக்கு. இத எதுக்கு மாத்தணும்? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?" என்றீர்கள்.

மொட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காதின் படத்தைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல டாக்டர். எனக்கே தோணிச்சு" என்றாள்.

இன்று காலை ஆறு மணிக்கு நர்ஸ் வந்து இடப்பக்கத்து முடியை மழித்துவிட்டுப் போனார். மொட்டு கையால் தடவிப் பார்த்தாள். "இதுக்கப்புறம் மெஷினு ஒத்துக்கும்லக்கா?" என்று கேட்டாள். ஒத்துக்கொள்ளும் என்றேன். நீ கூட இருக்கிறாய், எனக்குப் பயம் இல்லை என்றாள்.

இதை எழுதத் தொடங்கியபோது மணி எட்டேகால். இப்போது ஒன்பதே முக்கால். இதற்குள் நீங்கள் மூன்று தரம் இந்த வழியாகப் போனீர்கள். ஒரு தரம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எழுந்து நின்று நாலு வார்த்தை சொன்னால் போதும், அவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள், முடியும் வளர்ந்துவிடும். யோசிக்காமல் இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு உள்ளே போனால் உங்கள் மனம் ஒரு நிலையில் இருக்காது, கை நடுங்கும், அது அவளுக்குத்தானே ஆபத்து. அவள் விஷயத்தில் நான் எப்போதும் கவனமாக இருப்பவள். அதனால்தான், எல்லாம் முடிந்து நீங்கள் கை கழுவிய பிறகு கொடுங்கள் என்று சொல்லி, இந்தக் கடிதத்தை ஒட்டி நர்ஸிடம் கொடுக்கிறேன்.