இரண்டு தரம் தோய்த்த சேட்

ஆண்களின் உடுப்புக் கிடைப்பதுதான் எங்களுக்கு எப்போதும் கஷ்டம். பெண்கள் பை பையாகக் கொண்டுவந்து தருவார்கள். ஆண்கள் கிழியும்வரை போட்டுவிட்டு, பிறகு அதாலேயே கார் துடைப்பார்கள். லின்ஃபீல்ட் மண்டபத்தில் எங்கள் சங்கத்தின் பழைய உடுப்பு விற்பனையை ஐந்து வருடமாக நான்தான் நடத்துகிறேன். ஒரேயொரு கண்டிப்பு: தோய்க்காத உடுப்பு மேசைக்கு வரக்கூடாது.

சங்க வரலாறு எழுத வந்த நீங்கள் தொண்ணூற்றேழு ஜூனில், இங்கத்தைய குளிர்காலத்தில், வைத்த விற்பனையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

அப்படி ஒரு நாள் இனி வராது. கதவைத் திறந்ததும் சனம் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு குளிர்ச்சட்டையின் இரண்டு கைகளையும் இரண்டு பெண்கள் பிடித்து இழுத்து, சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டார்கள். யாரோ கசெட்டில் பைலாப் பாட்டுப் போட்டார்கள். "வாங்கினதைப் போட்டுக்கொண்டு நடவுங்கோ பாப்பம்" என்று ஒருத்தி கத்த, ஆண்கள் வரிசையாக நடந்தார்கள். மகேசன் பெண்கள் போடும் பூத்தொப்பியோடு வந்தார். எனக்குத் தலை கிறுகிறுத்தது, அவ்வளவு சந்தோஷம்.

செல்வநாயகியும் சிரித்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் அவளுடைய புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போய் அப்போது இரண்டு வருடம். ஒரு தகவலும் இல்லை. எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டில் ஒன்பது மாதம் இருந்தவள், ஆட்களுக்கு முன்னால் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போது சுந்தரமூர்த்தி பச்சைக் கோடுபோட்ட சேட்டோடு இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தார். தாளம் தட்டிக்கொண்டிருந்த அவளுடைய கைகள் நின்றுவிட்டன.

"அண்ணை, அந்தச் சேட்டை ஒருக்காக் கழட்டித் தாங்கோ."

"ஐயோ தங்கச்சி, ஓடிவந்து பிடிச்சது. தரமாட்டன்" என்று அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் கிட்டப் போய், அவர் போட்டிருந்தபடியே கொலரில் முகத்தை வைத்தாள். யாரோ விசிலடித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தோய்ச்சுப்போட்டீங்களே, அக்கா?"

"ஓம்," என்றேன். "ரெண்டு தரம்."

அது அவளுடைய புருஷனின் சேட் என்று தெரிந்ததும் சுந்தரமூர்த்தி அந்தக் குளிரில் சேட்டைக் கழற்றி இரண்டு கைகளாலும் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "இனி அது ஆரோ ஒராளின்ரை சேட்தான், அண்ணை" என்றாள். அந்தக் கிழமையே எங்கள் வீட்டை விட்டுக் கிளென் ஈடனுக்குப் போய்விட்டாள்.

பை மாறிவிட்டது என்று அன்று எல்லோருக்கும் சொன்னேன். மாறவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், கட்டிலுக்குக் கீழே முடிச்சுப் போட்டு வைத்திருந்த பையை நானே எடுத்து அவிழ்த்தேன். புருஷன் கடைசியாகக் கழற்றிப்போட்ட சேட் என்பதும், அவள் அதைத் தோய்க்காமல் வைத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். சுடுதண்ணீரில், சோப் பவுடர் கூடப் போட்டுத் தோய்த்தேன். மெஷின் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அவள் மறக்கவேண்டும் என்றுதான் செய்தேன். ஒவ்வொரு பின்னேரமும் சரியாகச் சாத்தாத கதவு நீக்கலால் பார்த்திருக்கிறேன்: சேட்டை எடுத்து மூக்கில் வைத்து மணந்துவிட்டு, கண்ணை மூடிச் சிரிப்பாள். என்னுடைய இராசரத்தினம் இருபத்தாறு வருடமாக என்னோடு இருக்கிறார். அவருடைய சேட்டை நான் ஒருநாளும் அப்படி மணந்ததில்லை. அவள் காணாமல் போன ஒருவனோடு, என் வீட்டு அறைக்குள், தினமும் சந்தோஷமாக இருந்தாள். அது அவளுக்கு நல்லதில்லை.