ஜைத் பெயரில் ஒரு நண்டு

— இரு சுராயா, அவசரப்படாத. மொத நம்பர்ல நண்டைப் போடறோம். ரெண்டாவதுலருந்து நீ இன்னா வேணா போட்டுக்க.

— மச்சான், நான் சொல்றதை டைப் பண்ணத்தான் உங்களை உக்கார வச்சேன். யோசனை சொல்ல இல்ல.

— ரெண்டு கையையும் மருதாணில வச்சிகினு அதிகாரத்தைப் பாரு. கல்யாணம் உன் தங்கச்சிக்கு. உனக்கு இன்னாத்துக்கு முழங்கை வரைக்கும்?

— ஜன்னா ஆசைப்பட்டா. நாளைக்கு நிக்காஹ்ல அக்கா கை மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? இது காயறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும். அஞ்சு மணிக்கு விண்ணப்பம் வாங்கறதை நிறுத்திடுவாங்க. பேசாம அடிங்க.

— ஒரு மாசமா டைம் இருந்துச்சே. கடைசி நாள்ல வந்து புருசன் கழுத்துல கத்தி வைக்கிற.

— மத்ததெல்லாம் எப்பவோ அனுப்பிட்டேன். என்ன ஆராய்ச்சி, எவ்வளவு செலவு, எல்லாம் போயாச்சு. இந்த ரெண்டு பக்கம்தான் பாக்கி. என்னைப் பத்தி நானே எழுதணும். யார் இவ, இதுவரைக்கும் என்ன கிழிச்சான்னு தெரிஞ்சாத்தானே கிராண்ட் குடுப்பாங்க.

— அதுக்கு இன்னா, நா சொல்றேன். பேரு அடிச்சிட்டேன். டாக்டர் சுராயா ஜைத்.

— சுராயா பேகம். சர்டிஃபிகேட்ல அப்படித்தான் இருக்கு.

— அங்கியும் என்னைக் காணமா?

— மாத்துங்க மச்சான்.

— மாத்திட்டேன், மாத்திட்டேன். அடுத்தது, 'இப்பணிக்கு நீங்கள் எவ்வகையில் தகுதியானவர்?' இது ஈசி. முட்டி வரைக்கும் சேத்துல நின்னுகினு அஞ்சு மணி நேரம் நண்டுப் பொந்தையே பாப்பாங்க. நடுவுல புருசன் போன் பண்ணா எடுக்க மாட்டாங்க.

— 'கோவளம், முட்டுக்காடு உப்பங்கழிகளில் பதினொரு ஆண்டு கள ஆய்வு.' அப்படி போடுங்க.

— நா சொன்னதையேதான் இஸ்திரி போட்டு சொல்ற.

— அடிச்சீங்களா?

— ரெண்டு விரலுதான கீது, மெதுவாத்தான் வரும். 'பெற்ற விருதுகள்'னு கீது. திருப்போரூர் பள்ளிக்கூடத்துல சீஃப் கெஸ்டா கூப்பிட்டு ஷீல்டு குடுத்தாங்களே?

— அது எல்லாருக்கும் குடுத்தாங்க. சாமியானா போட்டவருக்கும் குடுத்தாங்க. அதை காலியா விடுங்க.

— நீ இந்த மாதிரி விட்டுகினே போனா எவன் குடுப்பான்? கொஞ்சம் ஏத்தி சொல்லு. நா வாட்டர்மெலான் ஜூஸையே 'ஆர்கானிக்'னு எழுதி வச்சிகீறேன்.

— மச்சான், இது விளையாட்டு இல்ல. இந்த கிராண்ட் வரலன்னா ஜூன்ல என் லேபைக் காலேஜ்ல எடுத்துக்குவாங்க. உடைஞ்ச பெஞ்செல்லாம் போட்டு வைக்க ரூம் இல்லையாம். பிரின்சிபால் ரேணுகா மேடம் கூப்பிட்டே சொல்லிட்டாங்க. ரோஹித், ஜெயப்பிரியா ரெண்டு பேரும் பாதி பிஎச்டியில நிக்கறாங்க. அவங்களை நான் எங்க அனுப்புவேன்? எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.

— அதான் சொல்றேன், நண்டைப் போடு. இந்தா வந்துருச்சு பாரு, 'அறிவியலுக்கு நீங்கள் ஆற்றிய ஐந்து முக்கியப் பங்களிப்புகள்.' ஒண்ணு, நண்டு.

— ஒண்ணு, இறால் பண்ணைக் கழிவுத் தண்ணி.

— கழிவுத் தண்ணியா! நல்ல காரியம் பண்றப்ப யாராச்சும் கழிவுத் தண்ணிலருந்து ஆரம்பிப்பாங்களா? உலகத்துல யாருமே பாக்காத நண்டைக் கண்டுபுடிச்சவ நீ. அதுக்குப் புருசன் பேரை வச்சிகீற. திருவிடந்தை ரோட்டுல வர்றவன் பூரா நம்ம கடை போர்டைப் பாத்துட்டுத்தான் வண்டியை நிறுத்தறான். 'ஜைத் ஜூஸ் கார்னர்', பக்கத்துலயே செவப்புக் காலு நண்டு. நாவலூர் ஐடி பசங்க எறங்கி வந்து, 'இன்னா அண்ணாத்த, நண்டு ஜூஸா?'ன்றானுங்க. இல்லடா, அந்த நண்டு பேரே என் பேருதான், போன்ல தேடிப் பாருங்கடான்றேன். தேடறானுங்க. வருது! அப்பறம் எவனும் சின்ன கிளாஸ் கேக்கறதில்ல.

— தெரியும் மச்சான்.

— தெரிஞ்சிகினுதான் கழிவுத் தண்ணியா?

— ஒண்ணு சொல்லணும். பத்து மாசமா சொல்லாம வச்சிருக்கேன்.

— இன்னா? உடம்புக்கு ஏதாச்சும்?

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்த நண்டு புதுசே இல்லையோன்னு எனக்கு சந்தேகம்.

— இன்னாது?

— நம்ம கழியில கறுப்பா, பெருசா ஒண்ணு சுத்துமே. வலையில மாட்டினா எடுத்து வீசுவாங்களே.

— கரி நண்டு. அது இன்னாத்துக்கு இப்போ?

— அதோட குஞ்சா இருக்கலாம் நம்ம நண்டு. சின்னதுல காலு சிவப்பு, வளந்தா கறுப்பு. நான் சிவப்புக் காலை மட்டும் பாத்துட்டு புது இனம்னு பேர் வச்சிட்டேன்.

— மீசை மொளைக்காத பையனைப் பாத்து, இது வேற பிறவின்னு சொன்ன மாதிரியா?

— அதேதான்.

— இம்மாம் படிச்சிட்டு...

— முட்டையோட ஒரு பொட்டை நண்டுகூட எனக்கு கிடைக்கல. எல்லாமே குஞ்சோன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். கண்டுபிடிச்ச சந்தோஷத்துல யோசிக்கல. அப்புறம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டையும் ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். ரெண்டும் ஒண்ணுன்னு வந்திருக்கு.

— அப்ப என் பேரு?

— செல்லாது. கரி நண்டுக்கு முன்னாடியே ஒரு பேரு இருக்கு. அதுதான் நிக்கும்.

— ரப்பர் வச்சி அழிச்சிருவாங்களா?

— அழிக்க மாட்டாங்க. இது தப்பா வச்ச பேருன்னு பக்கத்துலயே எழுதி வைப்பாங்க. எப்பவும் இருக்கும்.

— அது அழிக்கறதை வுட பேஜாரா கீதே.

— கோவமா மச்சான்?

— கோவம் இல்ல. அந்த போர்டு மாட்றப்ப ஏணிலருந்து வுழுந்தேனே, அதை நெனச்சிகினேன். எங்க அத்தா அம்பது வருசம் இந்த ஊர்ல கடை வச்சாரு, அவரு பேருல ஒரு சந்துகூட இல்ல. எம்பேருல ஒரு உசுரு உலகத்துல கீதுன்னு கொஞ்சம் கெத்தாத்தான் சுத்திகினு இருந்தேன். அதான். வேற ஒண்ணுமில்ல.

— நீங்க தண்ணி வத்தற நேரமெல்லாம் கடையைப் பூட்டிட்டு என் பின்னாடி பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. திருப்பி குடுக்க என்கிட்ட என்ன இருந்துச்சு? ஒரு பேருதான் இருந்துச்சு. அதையும் பிடுங்கறதுக்கு மனசு வரல மச்சான். அதனாலதான் சொல்லல.

— சரி வுடு. கண்ணு கலங்குது பாரு, தொடைக்கக் கையும் இல்ல. இரு, நா தொடைக்கறேன்.

— அதுவுமில்லாம எனக்கே உறுதியா தெரியல. டெஸ்ட்டுக்கு அனுப்பறப்ப பாட்டில் மாறிப் போயிருக்கலாம், அப்படியும் நடக்கும். சந்தேகம் தீரணும்னா குஞ்சு ஒண்ணைப் பிடிச்சு வளத்துப் பாக்கணும். கறுப்பாச்சுன்னா நான் தப்பு. சிவப்பாவே இருந்துச்சுன்னா டெஸ்ட் தப்பு. லேப்ல கரண்ட் போய்ப் போய் வளத்த குஞ்செல்லாம் செத்துப் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பிழைச்சுது.

— எது?

— உங்க கடையில கண்ணாடித் தொட்டியில வச்சிருக்கீங்களே, அது.

— டீ சாப்புடறியா?

— கையில மருதாணி.

— நா ஊட்டறேன்.

— மச்சான், முக்கியமான விஷயம் சொல்லிக்கிட்டு இருக்கேன். அது ரெண்டு வருஷமா அங்க இருக்கு. எப்ப வந்து பாத்தாலும் சிவப்புக் காலு. குஞ்சா இருந்தா இந்நேரம் கறுத்திருக்கணும் இல்ல? என் பேப்பர் தப்புன்னு எழுதிக் குடுத்துடலாம்னு எத்தனை தடவை கிளம்பியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் உங்க கடைக்கு வந்து அதைப் பாப்பேன். பாத்துட்டுத் திரும்பிடுவேன்.

— அதுக்குத்தான் வந்துகினு இருந்தியா? என்னைப் பாக்க வரேன்னு நெனச்சிகினு நா ஃபலூடால்லாம் போட்டுக் குடுத்தேன்.

— ஃபலூடாவுக்கும்தான் வந்தேன்.

— சரி, சொம்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது கறுப்பாயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?

— சந்தோஷமா எழுதியிருப்பேன்.

— சந்தோசமாவா?

— ஆமா. நான் சொன்னது தப்பு, இதுதான் சரின்னு. நம்ம தப்பை அடுத்தவங்க கண்டுபிடிச்சாத்தான் அவமானம். நாமளே சொன்னா மரியாதை. இந்தக் குஞ்சு கறுப்பா மாறுறதை இன்னி வரைக்கும் யாரும் கண்ணால பாத்து எழுதல மச்சான். யாராவது ஒருத்தர் ஒரு தடவை பாத்திருந்தா போதும். அதையே நம்பர் ஒண்ணா போட்டு, தலை நிமிந்து அனுப்புவேன். பாக்கலையே, என்ன பண்றது?

— ஓகோ.

— மணி என்ன?

— நாலரை.

— சரி, முடிவு பண்ணிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பயந்து சாவறேன். நண்டையே முதல்ல போடுங்க.

— நண்டையா?

— காலையிலருந்து நீங்க கேட்டதுதானே. அடிங்க. 'கோவளம் கழிமுகத்தில் புதிய நண்டு இனம் ஒன்றைக் கண்டறிந்தேன்.' அடிச்சாச்சா?

— ஆச்சு.

— 'இந்த இனத்தைச் சேர்ந்த ஒரே நண்டை இரண்டு ஆண்டுகள் தொட்டியில் வளர்த்துப் பார்த்ததில், அதன் கால் நிறம் மாறவில்லை.'

— அடிச்சிகினே கீறேன்.

— 'மாறவில்லை' எங்க? 'நிறம்'னு வந்து நிக்குது.

— பட்டன் ஒட்டிகினு கீது.

— எந்த பட்டன்?

— எல்லாம்.

— மச்சான்!

— இந்த வரி வாணாமே. அந்த எறாலு பண்ணையே போட்டுக்கலாம். கழிவுத் தண்ணி ஒண்ணும் கேவலம் இல்ல. நாலு பேரு குடிக்கற தண்ணில கலக்கற விசயம் பாரு.

— காலையிலருந்து நண்டு நண்டுன்னு என் உயிரை எடுத்துட்டு இப்ப வேணாமா? உங்க பேரு வச்ச நண்டு மச்சான், முதல் வரியில வருது. டெல்லியில கிராண்ட் குடுக்கறவங்க படிக்கப் போறாங்க.

— டெல்லிக்காரன் நம்ம கடைக்கு வந்து ஜூஸு குடிக்கப் போறானா? கீழ இன்னா எழுதிகீது, அதைச் சொல்லு.

— 'மேலே கூறிய யாவும் உண்மை' அப்படின்னு. அதுக்குக் கீழ என் கையெழுத்து.

— அது உண்மை இல்லன்னா இன்னா பண்ணுவாங்க?

— கிராண்ட் போகும். பேரு போகும். அப்புறம் என் பேப்பரை எவனும் தொடமாட்டான். ஆனா இதுல என்ன பொய் இருக்கு? நண்டு உயிரோட கடையில உக்காந்திருக்கு. யார் வேணா வந்து பாக்கட்டும்.

— அதான் பயமா கீது, யார்னா வந்து பாத்துருவாங்கன்னு.

— என்ன சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல.

— சுராயா, கத்தமாட்டேன்னு சொல்லு.

— கத்தல. சொல்லுங்க.

— கையையும் ஒதறாத. மருதாணி செவுத்துல தெறிக்கும், நாளைக்கு சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க.

— மச்சான், நேரம் ஓடுது. என்னன்னு சொல்லப் போறீங்களா இல்லையா?

— எம்பேரு போனா போவுது, அந்த வரியை அழிச்சிட்டு வேற அடிக்கறேன், நீ அழகா இஸ்திரி போட்டு சொல்லு. மொத நண்டு மூணாம் மாசமே ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு கரேல்னு வந்து நின்னுச்சு. நா தண்ணி மாத்துன லட்சணத்துல அதுக்கு நோவு வந்துருச்சுன்னு நெனச்சி, நீ பாத்தா ஒடிஞ்சி போவேன்னு, கழில வுட்டுட்டு வேற செவப்புக் காலைப் புடிச்சாந்து போட்டேன். அதுவும் கறுத்துச்சு. அதுக்கடுத்ததும் கறுத்துச்சு. இப்ப தொட்டில கீறது ஏழாவது நண்டு. மீதி ஆறும் கறுப்பானதை இந்த ரெண்டு கண்ணால நா பாத்தேன்.